மெலிஸ்ஸா யாரைப் பழிவாங்குகிறாள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய இத்தாலியப் பேய்ப்படங்களை வரிசையாகப் பார்ப்பது என்று நண்பர்கள் ஐந்து பேர் முடிவு செய்து, சென்ற வாரம் மாரியோ பாவாவின் 'ஓபெராட்சியோனே பாவுரா' (1966) பார்த்தோம். படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம். 'பனிமூட்டமும் படிக்கட்டும்தான் படம், கதையே இல்லை' என்றார் ஒருவர். கல்லறையில் பச்சை வெளிச்சமும் ஊதா வெளிச்சமும் எங்கிருந்து வருகிறது, நாடக மேடை மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை என்று மூன்றாவது ஆளின் புகார். நான்காமவர் மட்டும், சன்னலில் அந்தச் சிறுமியின் முகம் தெரியும்போது நிஜமாகவே பயந்துவிட்டதாகச் சொன்னார்.

என் சிக்கல் வேறு. பேய் பழிவாங்குகிறது என்றால் தப்பு செய்தவன் சாக வேண்டும். இங்கே மாளிகையில் வேலை பார்த்த பெண் சாகிறாள், விடுதிக்காரரின் மகள் சாகிறாள், வெளியூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர்கூடச் சாகிறார். இவர்கள் என்ன செய்தார்கள்? இது பழியா, வெறும் கொலையா? பெரிய இத்தாலிய இயக்குநர்களான விஸ்கோன்டி எழுந்து நின்று கைதட்டினார், ஃபெலினி இதிலிருந்து எடுத்துக்கொண்டார் என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். பெரியவர்கள் சொன்னதால்தான் நாமும் பாராட்டுகிறோமா?

ச., மதுரை

*

அன்புள்ள ச.,

உங்கள் சிக்கலையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நண்பர்கள் சொன்னதெல்லாம் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பற்றியவை. நீங்கள் கேட்பது படம் எதைப் பற்றியது என்று.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1907. கார்மிங்காம் என்றொரு கிராமம். இரும்பு வேலியின் கூர்முனைகளில் விழுந்து இரேனா என்ற பெண் இறந்துபோகிறாள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் குரூகர், பிரேதப் பரிசோதனைக்கு டாக்டர் எஸ்வாயை வரவழைக்கிறார். ஊரில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கிராப்ஸ் மாளிகையின் சிறுமி மெலிஸ்ஸா இறந்து இருபது வருடம் ஆகிறது. அவளைக் கண்ணால் பார்த்தவர்கள் சாகிறார்கள், அதுவும் தங்கள் கையாலேயே.

மெலிஸ்ஸாவை யாரும் திட்டமிட்டுக் கொல்லவில்லை. ஊர்த் திருவிழா, எல்லோரும் குடித்திருந்தார்கள். அந்தக் களேபரத்தில் குழந்தை அடிபட்டுக் கிடந்தாள். ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. குற்றவாளி என்று ஒரு பெயரை எழுத வழியில்லாத சாவு. ஒரு ஊரே சேர்ந்து செய்யாமல் விட்ட காரியம்.

இதற்கு யாரைப் பழிவாங்குவது? நம் பேய்ப்படங்களில் இடைவேளைக்கு அப்புறம் ஒரு பிளாஷ்பேக் வரும், அதில் நான்கு முகங்கள் காட்டப்படும், அந்த நான்கு பேரும் செத்தால் கணக்கு முடிந்தது. அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கு இரேனாவின் சாவு அநியாயமாகப் படுகிறது. அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடம் கழித்து அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள். இருட்டினால் தெருவில் ஆள் கிடையாது. எங்கேயோ அலறல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தானாக மணி அடித்தால் சன்னலையும் சாத்துகிறார்கள். அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு எதைச் செய்தார்களோ அதையே இன்றைக்கு ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருக்கிறார்கள். சாபம் இத்தனை வருடம் நீடிப்பதற்கு எனக்குத் தெரிகிற காரணம் இதுதான். படம் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாத்திய கதவுகளைக் காட்டுகிறது, அவ்வளவே.

கதவைத் திறந்துகொண்டு உதவிக்குப் போகிற உள்ளூர் ஆள் ஒருத்திதான்: ரூத், ஊரின் மந்திரக்காரி. கறுத்த கூந்தல், இறுகிய முகம். வேறு எந்தப் படத்திலும் அவள்தான் கெட்டவளாக இருந்திருப்பாள். செத்தவர்களின் நெஞ்சுக்குள் காசு வைப்பது அவள்தான், அதுவும் அவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று. விடுதிக்காரரின் மகள் நதியென் சன்னலில் மெலிஸ்ஸாவைப் பார்த்துவிட்டாள் என்றதும், ஓடிவந்து அவள் உடம்பில் முள்கொடியைச் சுற்றிக் கட்டுவதும் அவள்தான். டாக்டர் எஸ்வாய் வந்து 'என்ன காட்டுமிராண்டித்தனம்' என்று அந்தக் கொடியை அவிழ்த்துவிடுகிறார். நதியென் செத்துப்போகிறாள். அறிவியல் மேல் பாவாவுக்குக் கோபம் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்வாய் நல்ல மனிதர், துணிச்சலும் உண்டு. ஆனால் அந்த ஊரின் நோய் என்ன என்று ஒருவரிடமும் உட்கார்ந்து கேட்காமலேயே வைத்தியத்தை ஆரம்பித்துவிடுகிறார்.

அப்புறம் அம்மா. இதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் முடியாது. பழி மெலிஸ்ஸாவுடையதே இல்லை. சீமாட்டி கிராப்ஸ் ஆவிகளோடு பேசுகிறவள். இறந்த மகளைத் திரும்பத் திரும்ப அழைத்து ஊருக்குள் அனுப்புவது அவள்தான். குழந்தை பந்தை உருட்டுகிறாள், சன்னல் கண்ணாடியில் கையை வைத்துப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். குழந்தைகள் செய்வதைத்தான் செய்கிறாள். கோபம் முழுக்க அம்மாவுடையது. அந்தக் கோபத்துக்கு ஊரில் யார் என்ன செய்தார்கள் என்ற வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு ஊரிலேயே இல்லாத இன்ஸ்பெக்டரும் ஒன்றுதான், பிறந்தே இருக்காத நதியெனும் ஒன்றுதான். என்னைப் பொறுத்தவரை படத்திலேயே ஆகத் துயரமானவள் மெலிஸ்ஸா. செத்த பிறகும் அவளை உறங்க விடவில்லை.

சரி, நண்பர்களின் புகார்களுக்கு வருகிறேன்.

'பனியும் படிக்கட்டும்' என்றவரிடம் ஒரு காட்சியை மட்டும் மறுபடி போட்டுக் காட்டுங்கள். மாளிகைக்குள், தனக்குத் துணையாக இருக்கும் மோனிக்கா என்ற பெண்ணின் குரல் கேட்டு எஸ்வாய் ஒரு கதவைத் திறந்து ஓடுகிறார். ஒரு அறை, எதிரே இன்னொரு கதவு. அதைத் திறந்தால் அதே அறை, சுவரில் அதே ஓவியம். மறுபடி ஓடுகிறார், மறுபடி அதே அறை. ஒரு கட்டத்தில் தனக்கு முன்னால் ஒருவன் எதிர்க்கதவு வழியாக வெளியேறுவது தெரிகிறது. வேகத்தைக் கூட்டுகிறார். அவனும் கூட்டுகிறான். கடைசியில் தோளைப் பிடித்துத் திருப்பினால், அவரே. இதற்குச் செலவு என்ன? ஒரே அறை, இரண்டு கதவு, படத்தொகுப்பு மேசையில் கொஞ்சம் பொறுமை. இசைகூட அங்கே பெரிய உதவி செய்யவில்லை. கதையில் அந்தக் காட்சிக்கு விளக்கமும் கிடையாது, நல்லவேளை. ஊர்க்காரர்களின் கதையைத் துப்பறிய வந்த மனிதர், துரத்திப் பிடித்தது தன்னையே என்பதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

கல்லறை ஊஞ்சலையும் சொல்ல வேண்டும். கேமரா முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடி முன்னே. யார் கண்ணால் பார்க்கிறோம் என்று நமக்குத் தெரியாது. பிறகு வெள்ளைக் காலுறை போட்ட சின்னக் கால்கள் தெரிகின்றன. இவ்வளவு நேரம் பேயின் மடியில் உட்கார்ந்து ஆடியிருக்கிறோம். அந்தக் காலுறைக்குள் இருப்பது ஒரு சிறுவன், பெயர் வலேரியோ வலேரி. சிறுமி வேடத்துக்குப் பாவா ஒரு பையனைப் போட்டார். அந்த முகத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று நம் கண்ணுக்குத் தட்டுகிறது, என்னவென்று சொல்ல முடிவதில்லை. சன்னல் காட்சியில் பயந்த உங்கள் நண்பர் சரியான இடத்தில்தான் பயந்திருக்கிறார்.

நிறங்கள் பற்றி. பாவா இயக்குநராவதற்கு முன் இருபது வருடத்துக்குப் பக்கமாக ஒளிப்பதிவாளராக இருந்தவர். அப்பா யூஜெனியோ பாவா சிற்பி, பேசாப்பட காலத்திலிருந்தே தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். விளக்கின் முன் எந்த நிறத் தாளைச் செருகினால் என்ன ஆகும் என்று பாவாவுக்குத் தெரியாமல் அந்தப் பச்சை வரவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் அந்த ஊர் நிஜமானது. ரோமுக்கு வடக்கே, எரிமலைக் கல் குன்றின் உச்சியில் இருக்கும் கல்காத்தா (நம் கல்கத்தாவோடு சம்பந்தமில்லை). குன்று சரியலாம் என்று 1930களில் அரசு குடிமக்களை வெளியேறச் சொன்னது. பாவா அங்கே கேமரா வைத்த சமயம் பழைய ஊர் ஏறக்குறைய காலி. ஆள் இல்லாத நிஜத் தெருவில் நிஜமில்லாத வெளிச்சம். படத்தின் பயம் பாதி இதிலிருந்து வருகிறது என்பேன். நிறம் மங்கிப்போன பழைய பிரதியில் இதெல்லாம் அழுக்குப் பழுப்பாகத் தெரியும். நீங்கள் பார்த்தது அதுவானால், நல்ல பிரதியில் அறையை இருட்டாக்கிப் பாருங்கள்.

குரல் ஒட்டாதது அன்றைய இத்தாலிய சினிமாவின் பொது வழக்கம். பல நாட்டு நடிகர்கள் நடிப்பார்கள், குரலைப் பின்னால் ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். ரூத்தாக நடித்த ஃபபியென் தாலி பிரெஞ்சுக்காரர். ஆகவே இத்தாலியம், ஆங்கிலம் இரண்டுமே பின்னால் சேர்த்த குரல்தான். எது உங்களுக்கு வசதியோ அதில் பாருங்கள்.

குறைகளும் உண்டு. மோனிக்காவின் பிறப்பு ரகசியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். ஜூம் லென்ஸ் கையில் கிடைத்த உற்சாகம் சில இடங்களில் அளவு மீறுகிறது. இசையில் பெரும்பகுதி வேறு படங்களுக்குப் போட்டதை எடுத்து ஒட்டியது. முடிவு திடுதிப்பென்று வருகிறது, ரூத்தும் சீமாட்டியும் மோதும் அந்தக் கடைசிக் காட்சிக்கு இன்னும் இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

பெரியவர்கள் பாராட்டியது பற்றி. விஸ்கோன்டி கைதட்டினாரா இல்லையா என்பதால் படத்தில் ஒரு சட்டகம்கூட மாறப்போவதில்லை, அதை விட்டுவிடுங்கள். ஃபெலினி விஷயம் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடியது. 1968இல் எட்கர் ஆலன் போவின் கதைகளை வைத்து மூன்று இயக்குநர்கள் எடுத்த படத்தில் ஃபெலினியின் பகுதி 'டோபி டாம்மிட்'. அதில் சாத்தான் வருவது ஒரு சிறுமியாக, கையில் வெள்ளைப் பந்தோடு. அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஃபெலினி எடுத்துக்கொண்டது சிறுமியையும் பந்தையும்தான். அவளுக்குப் பின்னால் அழுதுகொண்டிருக்கும் அம்மாவையும், கதவைச் சாத்திக்கொண்ட ஊரையும் எடுத்துக்கொள்ளவில்லை, அவர் கதைக்கு அவை தேவைப்படவும் இல்லை. உங்கள் கூட்டத்தின் அடுத்த படமாக அதைப் போடுங்கள். இரண்டையும் பார்த்த பிறகு ஐந்து பேரும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், 'கதையே இல்லை' என்ற நண்பர் உட்பட.

அன்புடன்