அமீபாவிலும் எக்டோபிளாசம், ஆவியிலுமா?

கேள்வி: மகள் எக்டோபிளாசம் என்பது அமீபாவின் பகுதி என்கிறாள். பேய்ப் படத்தில் ஆவி விவகாரத்துக்கும் அதே பெயர் வருகிறதே? – வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மகள் சொல்வது சரி. பாளையங்கோட்டையில் நான் விலங்கியல் படித்தபோது, குளத்துத் தண்ணீரை ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். அமீபாவின் ஓரம் இளநுங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அதுதான் எக்டோபிளாசம். உள்ளே துகள் துகளாக ஓடுவது எண்டோபிளாசம். அமீபா கால் நீட்டினால், முன்னால் போவது அந்தத் தெளிந்த ஓரம்தான்.

ஆவிக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர் லேசுப்பட்டவர் இல்லை. 1913இல் மருத்துவ நோபல் வாங்கிய பிரெஞ்சுக்காரர் சார்ல் ரிஷே! ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் மீடியத்தின் உடம்பிலிருந்து வழியும் பொருளாம். 1931இல் ஹெலன் டங்கன் என்ற மீடியத்தைச் சோதித்த ஆவி ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ், அது விழுங்கிக் கக்கிய சல்லாத்துணி என்றார். எங்கள் ஊர்க் கொடையில் சுடலைமாடனுக்கு ஆடுகிறவர் துணியெல்லாம் விழுங்கமாட்டார்.