எப்போது நடப்பார்?

கேள்வி: ஐயா, என் கணவர் தென்னை ஏறுகிறவர். ஆவணியில் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலிலேயே கிடக்கிறார், மாமியார் அசைய விடுவதில்லை. எப்போது நடப்பார்?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, எனக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அதனால் வளைத்துப் பேசவில்லை. நடப்பாரா என்பது தண்டுவடம் எவ்வளவு சேதமானது என்பதைப் பொறுத்தது. ஆறே மாதத்தில் நடக்க வைக்கிறேன் என்று எண்ணெய்ப் புட்டியோடு எவராவது வருவார், காசு கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் தானாகக் கழிப்பறைக்குப் போய்வருவது எப்போது?

முதலில் தோல். உணர்வில்லாத தோலுக்கு அழுத்தம் தெரியாது. படுக்கைப்புண் வந்தால் எலும்பு வரை போய்விடும். படுத்திருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். சக்கர நாற்காலியில் உட்காரத் தொடங்கியதும், கால்மணிக்கொரு தடவை கைப்பிடிகளை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி இறக்க வேண்டும். மரம் ஏறிய கை; பழகிவிடும். இரவில் டார்ச் அடித்து வால் எலும்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் அந்த இடத்தில் பாரம் விழவே கூடாது. சூடான காப்பி டம்ளரை மடியில் வைக்க விடாதீர்கள். வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சிறுநீர்க் குழாயை எப்போதும் போட்டே வைப்பதா, வேளாவேளைக்கு அவரே செருகி எடுக்கப் பழகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது கதவு. பெரும்பாலான வீடுகளில் குளியலறைக் கதவுதான் இருப்பதிலேயே குறுகல். நாற்காலியை வாங்கிய பிறகு அளந்து பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். முன்னதாகவே அளந்து, கதவைப் பெரிதாக்கி, நிலைப்படியை எடுத்துவிடுங்கள். வாசலில் சரிவு கட்டும் கொத்தனார் பைக் ஏற்றுகிற மாதிரி செங்குத்தாகக் கட்டுவார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

ஆய்க்குடி உங்களுக்குப் பக்கம்தானே? அங்குள்ள அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம். அதை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அங்கே போய் விசாரியுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பத்துப் பக்கம் எழுதினாலும் மாறாத அவர் மனம், அங்கே நாற்காலியில் வேலை பார்க்கிறவர்களைக் கண்டால் மாறும்.

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநராக இருந்தேன். பணிக்காலத்தில் விபத்தில் வலது கால் போய்விட்டது. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கூடாது. விருப்பமில்லாதவர் எழுதித்தரும் விருப்ப ஓய்வு என்ன ஓய்வோ! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 20-ஆவது பிரிவைப் படித்துக் காட்டுங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான அரசு நிறுவன ஊழியரைப் பணிநீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி. அப்படி இடமில்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி, இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ வைத்திருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான கழகங்களுக்கும் இது பொருந்தும். இதேபோன்ற பிரிவு 1995 சட்டத்திலும் இருந்தது. அதை வைத்துத்தான் கால் இழந்த காவலர் குணால் சிங்குக்கு 2003-ல் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாற்றுப்பணி கேட்டு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

கேள்வி: தம்பி கல்யாண மண்டபம் மாடியில். லிஃப்ட் இல்லை. “நாலு பேர் தூக்கிவிடுகிறோம்” என்கிறார்கள். நாற்காலியோடு தூக்கினால் எனக்குப் பயம். போவதா, வேண்டாமா?
- வாசகி, மதுரை

பதில்: முன்பணம் கொடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் தரைத்தளத்தில் மண்டபம் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டார்கள் என்றால், மண்டபக்காரரிடம் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். மூட்டுவலியோடு படியேறப்போகும் உங்கள் பெரியம்மாக்கள் எல்லாரும் உங்கள் கட்சியில் சேர்ந்துகொள்வார்கள்.