தொலைந்துபோன லாக்கும் ஆயிரத்தைந்நூறு டிசைன்களும்

கேள்வி: திருப்பூரில் எம்பிராய்டரி ஜாப் வொர்க் யூனிட் நடத்துகிறேன். 2008இல் டீலரிடம் முறையாகப் பில் போட்டு ஒரு பஞ்சிங் மென்பொருள் (படத்தை எம்பிராய்டரித் தையல்களாக மாற்றித் தருவது) வாங்கினோம். விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில், யுஎஸ்பி லாக் செருகியிருந்தால் மட்டுமே அது திறக்கும். சென்ற மாதம் யூனிட்டை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது அந்த லாக் தொலைந்துவிட்டது. சிடியும் பில்லும் பத்திரமாக இருக்கின்றன. இ.எம்.பி கோப்புகளாக ஆயிரத்தைந்நூறு டிசைன்கள் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ளன. தெரிந்த பஞ்சிங் மாஸ்டர் ஒருவர், லாக் இல்லாமலே ஓடும் பிரதியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன். அதற்கு முன், லாக் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்பதை இன்னொரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். யுஎஸ்பி லாக் பார்வைக்குச் சிறிய பென்டிரைவ் போலவே இருக்கும், ஆனால் கம்ப்யூட்டரில் செருகினால் பெரும்பாலும் பென்டிரைவைப் போல ஒரு டிரைவாகத் தெரியாது. அதனால் விவரம் அறியாதவர்கள் அதைக் கெட்டுப்போன பென்டிரைவ் என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யூனிட்டில், இரண்டு மாதமாகத் தேடிய லாக்கை, பழுதான பென்டிரைவ்களைப் போட்டுவைத்திருந்த ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்தோம். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கையின் எண்ணெயில் அழிந்து, வெறும் பிளாஸ்டிக் துண்டாகக் கிடந்தது.

ஆகவே கட்டடம் மாறியபோது கட்டிய அட்டைப்பெட்டிகளில் கிடைக்கும் எல்லாப் பென்டிரைவ்களையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்ற வரியைப் படியுங்கள். அதில் தயாரிப்பாளரைக் குறிக்கும் வி.ஐ.டி (VID) என்பதற்குப் பின் 0529 என்று இருந்தால் அது அலாடின் நிறுவனத்தின் ஹாஸ்ப் வகை லாக், 04பி9 என்றால் ரெயின்போ நிறுவனத்தின் சென்டினல் வகை, 064எஃப் என்றால் ஜெர்மனியின் விபு நிறுவனத்துடையது. டிரைவர் நிறுவப்படாத கம்ப்யூட்டரிலும் இந்த எண் தெரியும் என்பதால், தேடுவதற்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. லாக் உடைந்த நிலையில் கிடைத்தாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். பழுதான லாக்கைத் திருப்பித் தருபவருக்கு மாற்று லாக் கொடுப்பது பல மென்பொருள் நிறுவனங்களின் வழக்கம். தொலைந்துவிட்டது என்று சொல்பவருக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு, ஏனென்றால் அவர்கள் கணக்கில் லாக்தான் உரிமம். தொலைந்த லாக் இன்னொருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களுடைய நியாயமான அச்சம்.

சிடி இருந்தும் மென்பொருள் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். லாக்குக்குள் ஒரு சிறிய சிப்பும் கொஞ்சம் நினைவகமும் இருக்கின்றன. மென்பொருள் திறக்கும்போதும், ஓடிக்கொண்டிருக்கும்போது இடையிடையேயும், லாக்குக்கு ஓர் எண்ணை அனுப்பி விடை கேட்கும். சரியான விடை அந்தச் சிப்பிலிருந்துதான் வர வேண்டும், வராவிட்டால் மென்பொருள் நின்றுவிடும். ஹாஸ்ப் எச்.எல் போன்ற லாக்குகளில் இந்த விடை 128 பிட் ஏ.இ.எஸ் குறியாக்கத்தின் வழியே கிடைக்கிறது, அதற்கான ரகசிய எண் சிப்பைவிட்டு வெளியே வராதபடி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை முழுமையாகப் பிரதி எடுத்துவைத்திருந்தாலும் லாக்குக்குள் இருப்பது அந்தப் பிரதியில் வராது. லாக் இருப்பதுபோல் நடிக்கும் எமுலேட்டர் ஒன்றைச் செய்வதாக யாரேனும் சொன்னாலும், அதற்கும் முதலில் அசல் லாக்கைச் செருகி, அதிலிருந்து தகவலைப் படித்தெடுக்க வேண்டும். உங்களிடம் லாக்கே இல்லாதபோது, விற்பவர் தருவது வேறொருவரின் லாக்கிலிருந்து எடுத்த தகவலாகவோ, உள்ளே வெட்டி ஒட்டப்பட்ட மென்பொருளாகவோதான் இருக்க முடியும். இரண்டுமே உங்கள் பில்லுக்கு உரிய பிரதி அல்ல.

சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஒரு கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அதற்காகத் தன் பிரதியிலிருந்தே நகல் எடுக்கவும், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்பாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. இங்கே ‘தன் பிரதியிலிருந்தே’ என்பது முக்கியம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுவதை இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாக்குகிறது. சட்டம் தடைசெய்யாத நோக்கத்துக்காகப் பூட்டைத் தாண்டுவதற்கு அதே பிரிவில் விலக்கு உண்டு என்றாலும், அதற்கு உதவுபவர் உங்கள் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பென்டிரைவில் பிரதியைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர் அப்படி எதையும் எழுதிவைக்கப் போவதில்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அமெரிக்காவில் 2003, 2006, 2010 ஆண்டுகளில் லாக் உள்ள மென்பொருளுக்கென்று தனி விலக்கு அறிவிக்கப்பட்டது. அதுவும் பழுதாகி, மாற்று லாக்கும் சந்தையில் கிடைக்காத நிலைக்குத்தான் பொருந்தியது. தொலைந்த லாக் அந்த வாசகத்தில் இடம்பெறவில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்க, எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் டிசைன்களைப் பற்றியது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, உள்ளே கை வைக்கப்பட்ட ஒரு நிரலை ஓடவிட்டால், பதினைந்து ஆண்டு உழைப்பு ஒரே இரவில் வைரஸுக்குப் போகக்கூடும். எனவே டீலரைத் தேடிப் போவதற்கு முன்பே, கம்ப்யூட்டரை அணைத்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் பொருத்தி, வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் அதன் முழு இமேஜையும், அதாவது டிஸ்க் முழுவதன் அச்சுப் பிரதியையும், எடுத்துவிடுங்கள். டிசைன் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் போதாது. மென்பொருளின் சீரியல் எண், நூல் வண்ணப் பட்டியல்கள், நீங்கள் அமைத்துவைத்த தையல் அளவுகள் எல்லாம் வேறு வேறு ஃபோல்டர்களில் இருக்கும்.

உங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மென்பொருளுக்குத்தான் பூட்டு, உங்கள் டிசைன்களுக்கு இல்லை. இ.எம்.பி என்பது வில்காம் நிறுவனத்தின் கோப்பு வகை. அந்த நிறுவனமே ட்ரூசைஸர் என்ற சிறிய மென்பொருளை விலையில்லாமல் வழங்கிவந்திருக்கிறது. லாக் இல்லாமலே அது இ.எம்.பி கோப்பைத் திறந்து காட்டும், இயந்திரம் படிக்கும் டி.எஸ்.டி கோப்பாகவும் மாற்றித் தரும். முதலில் பத்து டிசைன்களை மாற்றி, துணியில் ஓட்டிப் பார்த்து, தையல் சரியாக விழுகிறது என்று உறுதியான பின் மற்றவற்றைத் தொடங்குங்கள். அன்றாட ஆர்டர்களை நிறுத்தாமல் ஓட்ட இது போதும்.

ஆனால் மாற்றிய பின் அசல் இ.எம்.பி கோப்புகளை அழித்துவிடக் கூடாது. டி.எஸ்.டி கோப்பில் இருப்பது ஊசியின் நகர்வு மட்டுமே. ஒரு டி.எஸ்.டி கோப்பை நோட்பேடில் திறந்தால், முதல் 512 பைட்டுக்குள் எல்.ஏ என்று டிசைன் பெயரும், எஸ்.டி என்று தையல் எண்ணிக்கையும், சி.ஓ என்று நிறமாற்ற எண்ணிக்கையும் எழுத்தாகவே தெரியும். அதன் பின் வருவது தையல் ஒன்றுக்கு மூன்று பைட் வீதம், 0.1 மில்லிமீட்டர் அலகில் எழுதப்பட்ட நகர்வுகள். எந்த நூல், எந்த நிறம் என்பது அதில் இல்லை, இயந்திரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. அளவை மாற்றும்போது இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். குழந்தைகள் சட்டைக்குப் போட்ட ஒரு பூவைப் பெரியவர் சட்டைக்காக இ.எம்.பி கோப்பில் பெரிதாக்கினால், மென்பொருள் அடர்த்தி குறையாமல் தையல்களைக் கூட்டிப் போடும். வெறும் தையல் நகர்வுகளை அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால், அதே எண்ணிக்கைத் தையல் பெரிய பரப்பில் பரவி, இடையில் துணி தெரியும். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அசல் கோப்புக்குத்தான் போக வேண்டும்.

புதிய எளிய டிசைன்களுக்கு, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளோடு இணைந்து ஓடும் இங்க்/ஸ்டிச் உதவும். அது டி.எஸ்.டி கோப்பைப் படிக்கும், எழுதும். இ.எம்.பி கோப்பை மட்டும் அதால் திறக்க முடியாது.

இனி டீலர். பில்லின் நகல், சிடி உறையின் படம், சீரியல் எண் ஆகியவற்றோடு எழுத்தில் கேளுங்கள். டீலர் கடையை மூடிவிட்டிருந்தால் மென்பொருள் நிறுவனத்துக்கே எழுதலாம். மாற்று லாக் கிடைக்குமா என்பதோடு நிறுத்திவிடாமல், பழைய உரிமத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு புதிய பதிப்பைக் குறைந்த விலையில் தருவார்களா என்றும் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேதான் முடியும். லாக்கைத் தயாரித்த நிறுவனத்திடம் போவதில் பயனில்லை. அலாடின் நிறுவனம் 2009இல் சேஃப்நெட்டிடமும், சேஃப்நெட் 2015இல் ஜெமால்டோவிடமும், ஜெமால்டோ 2019இல் தாலேஸிடமும் போய்ச் சேர்ந்தன. தாலேஸ் டிரைவரைத் தரும், ஆனால் உங்கள் மென்பொருளுக்கான லாக்கைத் தராது. ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்துக்கும் தனித்தனி ரகசியக் குறியீடு இருப்பதே காரணம்.

மாற்று லாக் கிடைத்தால், அதைச் செருகும் முன் டிரைவரை நிறுவுங்கள். பழைய சிடியில் உள்ள டிரைவரைத் தவிர்த்துவிடுங்கள். காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள், ஹாஸ்ப் லாக்குகளுக்கான சென்டினல் டிரைவர் தொகுப்பில் கண்டறிந்த 14 பாதுகாப்புக் குறைகளை 2018 ஜனவரியில் வெளியிட்டார்கள், 1947 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) அது ஃபயர்வாலில் திறந்துவைப்பதும் அப்போது வெளியே தெரிந்தது. உங்கள் லாக் அந்த வகையென்றால், தாலேஸ் தளத்தில் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தும் மிகப் புதிய பதிப்பை மட்டும் எடுங்கள். மென்பொருள் எக்ஸ்பியில் மட்டுமே ஓடுமானால், புதிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷினுக்குள் (மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டருக்குள்) எக்ஸ்பியை வைத்து, யுஎஸ்பி லாக்கை அதற்கு ஒதுக்கித் தரலாம். அந்த எக்ஸ்பிக்கு இணைய இணைப்பு மட்டும் கொடுக்க வேண்டாம்.

புதிய லாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகிவைக்காதீர்கள். மதர்போர்டில் முன்பக்க யுஎஸ்பிக்கென்று ஒன்பது முள் கொண்ட இணைப்பு இருக்கும். அதில் மாட்டும் சிறிய கேபிள் கடைகளில் கிடைக்கிறது. லாக்கை அந்தக் கேபிளில் செருகி, கேபினட்டுக்குள்ளேயே டேப் போட்டுக் கட்டி, மூடியைத் திருகிவிடுங்கள். லாக்கின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது அதை வெறும் பென்டிரைவ் விலைக்கு அல்லாமல், மென்பொருளின் முழு விலைக்குக் காட்டுங்கள்.