நிற்க வேண்டிய தாவல் நிற்கவில்லை, நிலைக்க வேண்டியது நிலைக்கவில்லை

கேள்வி: கிண்ணியாவில் மீனவர்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலியை உருவாக்கி வருகிறேன். பிடி, வரைபடம், விலை, கணக்கு என்று நான்கு தாவல்கள். தாவல்களை விரலால் தள்ளி மாற்ற உதவும் வியூபேஜர்2 என்ற கருவியைக் கொண்டு அமைத்திருக்கிறேன். வரைபடத்தை விட்டு வேறு தாவலுக்குப் போன பின்னரும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. பிடித் தாவலிலோ, அறக்குளா, பாரை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த எடைப் பட்டியல், கணக்குத் தாவலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சிலவேளைகளில் மறைந்துவிடுகிறது. இவற்றை எவ்வாறு சரிசெய்வது?

பதில்: ஒன்று நிற்க மறுக்கிறது, மற்றையது நிலைக்க மறுக்கிறது. எதிரெதிரானவையாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து வருகின்றன: கண்ணுக்குத் தெரியும் தாவலே உயிரோடிருக்கிறது, தெரியாதது உறங்குகிறது என்ற எண்ணம். உண்மையில் தாவலின் தோற்றம், அதைத் தாங்கும் ‘ஃபிராக்மென்ட்’ என்ற நிரல் துண்டு, அதிலுள்ள தரவு ஆகிய மூன்றுக்கும் ஆயுள் வெவ்வேறு.

முதலில் ஜிபிஎஸ். வியூபேஜர்2, முன்னால் இருக்கும் ஃபிராக்மென்டை மட்டுமே ‘ரெஸ்யூம்ட்’ (முழுமையாக இயங்கும்) நிலைக்கு உயர்த்துகிறது. நினைவகத்தில் இருக்கும் ஏனையவற்றை ‘ஸ்டார்ட்டட்’ (தொடங்கிய, ஆனால் முன்னால் இல்லாத) நிலையோடு நிறுத்திவைக்கிறது. ஆகவே பயனர் அடுத்த தாவலுக்கு நகரும்போது வரைபடத்துக்கு ‘ஆன்பாஸ்’ (இடைநிறுத்த) அழைப்பு வருமே தவிர ‘ஆன்ஸ்டாப்’ (முழு நிறுத்த) அழைப்பு வராது. தாங்கள் இருப்பிடக் கேட்பை ‘ஆன்ஸ்டார்ட்’டில் தொடங்கி ‘ஆன்ஸ்டாப்’பில் நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தொடக்கத்தை ‘ஆன்ரெஸ்யூம்’முக்கும் நிறுத்தத்தை ‘ஆன்பாஸ்’ஸுக்கும் மாற்றினால் போதும். ஆனால் இருப்பிட அனுமதி கேட்கும் வரியை ‘ஆன்ரெஸ்யூம்’மில் வைத்துவிடாதீர்கள். அனுமதிப் பெட்டி தோன்றும்போது ‘ஆன்பாஸ்’ஸும், பயனர் மறுத்து அது மூடும்போது மீண்டும் ‘ஆன்ரெஸ்யூம்’மும் அழைக்கப்படுவதால், அதே கேள்வி மறுபடியும் எழும். அனுமதியை ஒரு பொத்தானின் அழுத்தத்தோடு இணைப்பதே நாகரிகம். இணையத்திலுள்ள பழைய பாடங்கள் பல தாவல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அறிவிக்கும் ‘செட்யூசர்விசிபிள்ஹின்ட்’ என்பதைப் பயன்படுத்தச் சொல்லும். அது பழைய வியூபேஜர் காலத்து வழி. வியூபேஜர்2 நிலையான பதிப்பாக வெளியான 2019ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டுவிட்டது.

அடுத்தது எடைப் பட்டியல். இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். ஜிபிஎஸ் வீணாக ஓடினால் மின்னேற்றிக்கொள்ளலாம், ஆனால் கொட்டியாரக் குடாவில் ஈரக் கையோடு பதிந்த எடையை மீண்டும் நிறுத்துப் பார்க்க முடியாது. வியூபேஜர்2 உள்ளே, நீண்ட பட்டியல்களைக் காட்டப் பயன்படும் ரீசைக்கிளர்வியூவின் மேல் இயங்குகிறது. அண்மையில் பார்த்த சில பக்கங்களை வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ளவற்றை அது அகற்றிவிடும். பக்கத்துத் தாவலிலிருந்து திரும்பினால் பட்டியல் இருப்பதும், நான்காவதிலிருந்து திரும்பினால் சிலவேளை இல்லாமற் போவதும் இதனால்தான். அகற்றும்போது ஃபிராக்மென்டின் நிலை சேமிக்கப்படுவதால், அடையாள எண் கொண்ட எழுத்துப் பெட்டியில் தட்டச்சிட்டது திரும்பி வரும். சாதாரண மாறியில் வைத்த பட்டியல் வராது.

பார்வைக்கு வெளியே இருபுறமும் எத்தனை பக்கங்களை வைத்திருப்பது என்று சொல்லும் ‘ஆஃப்ஸ்கிரீன்பேஜ்லிமிட்’டை 3 ஆக்குமாறு பலரும் அறிவுறுத்துவர். அப்படிச் செய்தால் நான்கு தாவல்களும் நினைவகத்தில் தங்கும், சோதனையின்போது சிக்கல் தீர்ந்ததாகவும் தோன்றும். ஆனால் செயலி திறந்தவுடன் நான்கும் ஒருங்கே உருவாகும் என்பதால், யாரும் பார்க்காத விலைத் தாவலும் தரவை இறக்கத் தொடங்கலாம். அதைவிட முக்கியமாக, நினைவகம் குறைந்த கைபேசியில் பின்னணிக்குச் சென்ற செயலியை இயங்குதளமே நிறுத்திவிட்டால் பட்டியல் மறுபடியும் போய்விடும். ஆகவே இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பட்டியலை, திரையின் தரவைத் தனியே வைத்திருக்கும் வியூமாடலுக்கு மாற்றுவது நல்ல வழிதான், எனினும் அதை ஃபிராக்மென்டோடு கட்டினால் ஃபிராக்மென்ட் அகற்றப்படும்போது அதுவும் அழியும். ஆக்டிவிட்டியோடு, அதாவது தாவல்கள் அனைத்தையும் தாங்கும் திரையோடு, கட்டினால் தாவல் மாற்றத்தையும் திரை சுழற்றலையும் தாங்கும். செயலி நிறுத்தப்படுவதைத் தாங்காது. தங்கள் பயனர்கள் படகில் இருப்பவர்கள் என்பதால், ஒவ்வொரு எடையையும் சேர்த்த கணமே கைபேசியிலேயே தரவைச் சேமிக்கும் ரூம் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, தாவல் அதிலிருந்து வாசித்துக் காட்டுமாறு அமையுங்கள். ‘சேமி’ பொத்தானுக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த மீன் தெரிவுசெய்யப்பட்டிருந்தது என்பதைப் போன்ற சிறு விவரங்களுக்கு செயலி நிறுத்தப்பட்டாலும் சிறு தகவலைக் காக்கும் ‘சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில்’ போதும். மீனின் படத்தை அதனுள் திணிக்காதீர்கள்: அதிலுள்ளவை ஒரு பொதியாகச் செல்லும் வழியின் கொள்ளளவு ஏறத்தாழ 1 எம்பி மட்டுமே, மீறினால் செயலி முறிந்துவிடும்.

தரவுத்தளத்தைக் கவனிக்கும் வரிகளை தோற்றத்தின் ஆயுளைக் குறிக்கும் ‘வியூலைஃப்சைக்கிள்ஓனர்’ உடன் இணையுங்கள். ஃபிராக்மென்டோடு நேரடியாக இணைத்தால், பிற்காலத்தில் கீழ்ப்பட்டித் தாவல்களுக்கு மாறும்போது, தோற்றம் அழிந்து மீண்டும் உருவாகும் ஒவ்வொரு தடவையும் அதே கவனிப்பு இன்னொன்று கூடும்.

மாற்றங்களைச் செய்த பின், கைபேசியின் டெவலப்பர் அமைப்புகளில் ஆக்டிவிட்டிகளைத் தக்கவைக்க வேண்டாம் என்ற தெரிவை இயக்கி, மூன்று எடைகளைச் சேர்த்து, கணக்குத் தாவலுக்குச் சென்று, ஹோம் பொத்தானை அழுத்தி, மீண்டும் செயலியைத் திறந்து பாருங்கள். மூன்றும் இருக்க வேண்டும். வரைபடத் தாவலைத் திறக்கும்வரை மேற்பட்டையில் இருப்பிடக் குறி தோன்றக்கூடாது.