சீட்டா, செல்வமகளா?

கேள்வி: மகளுக்கு 4 வயது. கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை, நான் வீட்டில் தைக்கிறேன். மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. மாமியார் நகைச்சீட்டு போடச் சொல்கிறார், அக்கா பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்பான செல்வமகள் திட்டம் என்கிறார். ஆனால் ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைக்கிறோம். என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் முதலில் கவனிக்க வேண்டியது. வருடா வருடம் நகையை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் நகைச்சீட்டு கட்டுவதில் என்ன லாபம், சொல்லுங்கள்? அதோடு சீட்டு முடிந்தால் கடையில் நகைதான் தருவார்கள், பணமாகத் தர மாட்டார்கள்.

வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) ஒன்று, மே மாதம் கைக்கு வருகிற மாதிரி ஆரம்பியுங்கள். மாதம் 1,500 போட்டால் 18,000, கொஞ்சம் வட்டியும் சேரும். கட்டணத்தில் ஒரு பகுதியாவது அதில் அடையும்.

மீதி 500-ஐ செல்வமகளில் போடலாம், அக்கா சொல்வது சரிதான். பெண்ணுக்கு 10 வயது ஆவதற்குள் தபால் நிலையத்தில் கணக்கு தொடங்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், 15 வருடம் கட்ட வேண்டும், கணக்கு 21 வருடத்தில் முதிரும். ஆனால் படிப்புச் செலவுக்கு எடுப்பதென்றாலும் அவளுக்கு 18 வயது ஆக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், அப்போதும் பாதிதான். அதனால் 2,000-ஐயும் அதிலேயே பூட்டிவிடாதீர்கள்.

மாமியாரிடம் கணவரையே பேசச் சொல்லுங்கள்!