பனி உருகாத ஊரில் வசந்தம்

வணக்கம் ஐயா,

நான் கிழக்கிலங்கையில், தம்பிலுவில் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு ‘வசந்தத்தை வரவேற்போம்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். கொப்பிகளைத் திருத்த எடுத்தால், பாதிப் பேருக்கு மேல் ‘பனி உருகுகிறது, ஓடைகள் சலசலக்கின்றன’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் டியூலிப் பூத்திருப்பதாக எழுதியிருக்கிறாள். அவள் வீடு கடற்கரை மணலில் இருக்கிறது. கூடப் படிப்பிக்கும் சேர் ஒருவர், ‘நமக்கு மாரியும் கோடையும்தான், வசந்தமெல்லாம் வெள்ளைக்காரனுக்கு’ என்று சிரிக்கிறார். அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால், காசு செலவில்லாமல் பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடியதாக, நம்ம ஊர் வசந்தத்தை வரவேற்க ஏதாவது வழி சொல்லுங்கள். வருடப் பிறப்புக்குப் பலகாரம் சுடுவதைச் சொல்ல வேண்டாம், அதை அவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். அந்த வயதில் நானும் அதையே எழுதியவன். ஐஸ்பழக்காரர் பெட்டி மூடியைத் திறக்கும்போது கிளம்பும் புகைதான் எனக்குத் தெரிந்த பனி. ஆனாலும் ‘மலைச்சாரலில் பனி உருக’ என்று தொடங்கினேன். இருபதுக்குப் பதினெட்டு கிடைத்தது. படுவான்கரையில் எங்கேயடா மலைச்சாரல் என்று வாத்தியார் கேட்கவில்லை.

உங்கள் சேர் சொன்னதில் பாதி சரி. வெள்ளாமைக் கணக்கில் மாரியும் கோடையும்தான். ஆனால் வசந்தத்தை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்தாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று சொன்னவர்கள் நம் ஆட்கள். அது ஏட்டில் கிடக்கும் சொல் என்று அவர் சொல்லலாம். சரி, மட்டக்களப்பில் பொடியன்கள் கையில் கோல் பிடித்து, வட்டமாகச் சுற்றி, கோலோடு கோல் தட்டி ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்துக்கு என்ன பெயர்? வசந்தன். வசந்தத்தின் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துக் காலால் மிதித்து ஆடிய ஊர் இது. அந்தப் பாட்டுகளைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்று தொகுத்து அச்சேற்றினார். உங்கள் ஊரில் வசந்தன் ஆடிய பெரியவர் யாராவது இருப்பார். அவரை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கோல் இல்லாவிட்டால் அடிமட்டத்தைத் தட்டி ஆடட்டும். பக்கத்து வகுப்பு டீச்சர் முறைப்பார், பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு நம்ம வசந்தம் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வசந்தம் என்றால் பச்சை. இங்கே மண் பச்சையாக இருப்பது மார்கழி, தையில். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டி முடிகிறது. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி மண்டூருக்குப் போனால், வழி நெடுக வெட்டிய தாளும் வைக்கோலும் மாடும் கொக்கும்தான். இதைப் பார்த்த பிள்ளை வசந்தம் என்று எழுதுமா? நம்ம ஊரில் வசந்தத்தைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்க வேண்டும், அது மரத்தில் நடக்கிறது. வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும், பிறகு பூக்கும். முள்முருக்கு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். கொன்றை மஞ்சளாகத் தொங்கும். எங்கள் வீட்டில் முற்றம் கூட்டுகிறவருக்கு இந்த அழகெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பங்குனி முழுக்க வேம்புக்கு ஏச்சுத்தான். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை, ஆளுக்கு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு வரி எழுதுவது. வேப்பம்பூவின் மணம் பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவு படுக்கப் போகும் முன் மரத்தடிக்கு ஒரு முறை போய் வரச் சொல்லுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது, தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊரையும் கடந்து. உங்கள் ஊருக்கு 8ஆம் திகதி அளவில் வரும். அன்று நண்பகல், பன்னிரண்டு மணி தாண்டி நான்கைந்து நிமிடத்தில், நேராக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. இதற்குத் தேவை ஒரு கம்பு, கொஞ்சம் வெட்டவெளி, கம்பு சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய ஒரு கல். ஆனால் அன்றைக்கு மட்டும் போய்ப் பார்த்தால் அது வெறும் வித்தை. பங்குனி பிறந்ததும் கம்பை நட்டு, தினமும் அதே நேரத்துக்கு நிழலின் நுனியில் ஒரு சோகியோ சிப்பியோ குத்திவைக்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதற்கா பஞ்சம்? நிழல் வடக்குப் பக்கம் விழுந்துகொண்டிருக்கும். நாளுக்கு நாள் சுருங்கிச் சுருங்கிக் கம்பின் காலடிக்கு வரும். ஒரு நாள் காணாமல் போகும். அதற்கடுத்த நாட்களில் தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்கும், ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் அந்தப் பக்கம்தான். சித்திரை வருடம் பஞ்சாங்கக்காரர் சொல்லி வருகிறது என்று நினைக்கும் பிள்ளைக்கு, சூரியன் நடந்து வருவதை மணலில் சிப்பி வரிசையாகக் காட்டலாம். அந்த நேரம் முதலாம் தவணை விடுமுறை விட்டிருந்தாலும் நட்டமில்லை, வீட்டு முற்றத்தில் செய்யட்டும். தலையில் தொப்பி போடச் சொல்லுங்கள்.

பனி உருகுகிறது என்று எழுதிய பிள்ளைகளிடம் வருகிறேன். அவர்கள் எழுதியது முழுப் பொய்யும் இல்லை. மாரியில் கோமாரி, பொத்துவில் களப்புகளில் வந்து இறங்கிய வாத்துகளும் உள்ளான்களும் பங்குனி, சித்திரையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும். அவை வடக்கே ஆசியாவின் குளிர்தேசங்களுக்குப் போகின்றன, அங்கே பனி உருகத் தொடங்குவதால். ஆக அந்தப் பனிக்கும் நம்ம களப்புக்கும் ஒரு போக்குவரத்து இருக்கிறது. அவை புறப்படும் அதே காலத்தில் தெற்கே கூமுனையில் நம்முடைய நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டத் தொடங்குகின்றன, ஆடி வரை அங்கே குஞ்சுச் சத்தம்தான். கூமுனைக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும், அதைச் செலவில்லாத வழி என்று சொல்ல மாட்டேன். களப்பு ஓரத்தில் பின்னேரம் அரை மணித்தியாலம் உட்கார்ந்து, போகிற கூட்டத்தைப் பார்த்தால் போதும். கையசைத்தால் இன்னும் நல்லது. வரவேற்பது பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், வழியனுப்புவது பற்றி ஒரு பிள்ளையாவது எழுதட்டும்.

குயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் குயில் சத்தம் கேட்ட திகதியைக் கரும்பலகை மூலையில் எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

பலகாரம் வேண்டாம் என்றீர்கள். சரி. மருத்துநீரை விட முடியாது. வருடப் பிறப்பன்று தலையில் வைத்துக் குளிக்கக் கோயிலில் கொடுக்கும் அந்த நீரில் என்னென்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால் என்று பட்டியல் நீளும். தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த ஆண்டுக்கான இரண்டு இலைகளையும் பிள்ளைகளே மரத்தடியில் போய்ப் பறித்து வரட்டும். கடையில் கட்டாக விற்பதை வாங்கிவந்தால் மரம் தெரியாமல் போகும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று பிடிபட்டது. பனி நாட்டுக்காரர்களுக்கு வசந்தம் வந்தால் உடம்பு சூடேறுகிறது, அதனால் கதவைத் திறந்து வெளியே ஓடுகிறார்கள். நமக்கு இனிமேல்தான் வெயில். கொஞ்ச நாளில் கச்சான் காற்று எழும்பும், அது முகத்தில் அடிக்கும்போது அடுப்பங்கரைக் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். ஆகவே நம்முடைய வரவேற்பு முழுவதும் குளிர்மைதான்: மருத்துநீர், முட்டித் தயிர், வத்தகப்பழம், ஓலை சுற்றிக் கட்டிய வெள்ளரிப்பழம். இவற்றுக்கெல்லாம் தலையாய் வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி. உங்கள் ஊர் அம்மனைப் பற்றி உங்களுக்கே நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனாலும் ஒன்றைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்து அனுப்புவதும், கோவலன் அதை வாங்க மறுப்பதும் இதே இளவேனிலில்தான், அந்தக் காதைக்குப் பெயரே வேனிற்காதை. பிறகு கண்ணகியின் கோபத்தில் மதுரை எரிந்தது. அந்தக் கோபத்தைத் தணிக்க, கதவு திறந்து, பாட்டுப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்து, ஆண்டுக்கு ஒரு முறை அவளைக் குளிர்விக்கிறார்கள் நம்ம ஊரில். எரித்தவளைக் குளிர்விக்க ஏன் வைகாசியைத் தேர்ந்தார்கள்? பதில் சரியா பிழையா என்று திருத்த வேண்டாம், பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

வகுப்பிலேயே செய்யக்கூடிய குளிர்மை ஒன்று. வாசலில் ஒரு மண்பானை, மூடி, ஒரு செம்பு. நிரப்புவது ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. மதிலுக்கு மேல் ஓர் உடைந்த சட்டியில் காக்கை, குருவிக்கும் தண்ணீர். சட்டியை இரண்டு நாளைக்கு ஒரு முறை ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

டியூலிப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கம்புக்குப் பொறுப்பாக அவளைப் போடுங்கள். நிழல் மறைந்த நாளையும் நேரத்தையும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எனக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் உங்கள் ஊருக்கு ஒன்றிரண்டு நாள் முந்தி வந்துவிடும். அவளுடைய செய்தி கிடைத்ததும், இங்கே மட்டக்களப்பில் நான் முற்றத்தில் உலக்கையை நட்டுவைத்துக் காத்திருப்பேன்.