முதல் முறை குரூஸ் போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: டிக்கெட்டிலேயே எல்லாம் அடக்கம் என்கிறார்கள். கப்பலில் வேறு செலவே வராதா?

பதில்: வரும். டிக்கெட்டில் அடங்குபவை: அறை, பெரிய உணவகத்திலும் பஃபேயிலும் சாப்பாடு, மாலை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், ஜிம். பெரும்பாலான குடும்பக் கப்பல்களில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடமும் இதில் சேரும். மது, பாட்டில் பானங்கள், எஸ்பிரெஸோ வகைக் காபி, தனிக் கட்டண உணவகங்கள், வைஃபை, மசாஜ், சலவை, கப்பல் போட்டோகிராஃபர் எடுக்கும் படங்கள், கரைச் சுற்றுலா, மருத்துவர் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் தனி பில்தான்.

பலர் கணக்கில் சேர்க்காமல் விடுவது டிப்ஸ். பல நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அதைத் தாமாகவே பில்லில் ஏற்றிவிடும். குழந்தைகளுக்கும் பெரியவர்கள் அளவு போடும் நிறுவனங்கள் உண்டு. நான்கு பேர், ஏழு இரவு என்றால் அந்தத் தொகையின் 28 மடங்கு. அதைக் கூட்டிய பிறகுதான் இரண்டு கப்பல்களின் விலையை ஒப்பிட வேண்டும். சேர்க்காமல் பார்த்தால் மலிவாகத் தெரிந்த கப்பலே கடைசியில் அதிகம் பிடுங்கும்.

கப்பலுக்குள் ரொக்கம் பெரும்பாலும் செல்லாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையே பணப்பை. அதோடு கிரெடிட் கார்டை இணையுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள், பயணம் முடிந்த பிறகும் சில நாள் அது விடுபடாது. பில்லை இறங்குவதற்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். கடைசிக் காலையில் வரவேற்பு மேசையில் பெரிய வரிசை நிற்கும்.

கேள்வி: ஜன்னல் இல்லாத உள் அறை விலை குறைவு. எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஏசி இருப்பதால் மூச்சு முட்டாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததே தெரியாது, அவ்வளவுதான். பனிமலை, ஃபியோர்டு (செங்குத்து மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) போன்ற கரையோரக் காட்சிகளுக்காகப் போகிறீர்கள் என்றால் மட்டும் பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். அப்போதும் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கிப் பார்வையை மறைக்காத அறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை வகையைவிட அறை இருக்கும் இடம் முக்கியம். பதிவு செய்யும் முன் கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே பஃபேயோ நீச்சல் குளத் தளமோ இருந்தால் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடன அரங்கு என்றால் நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். கப்பலின் முன்பக்கக் கீழ்த்தளங்களில் நங்கூரச் சங்கிலியும், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் விசிறிகளும் விடியலில் எழுப்பிவிடும். பின்பக்கக் கீழ்த்தளங்களில் அதிர்வு. மேலும் கீழும் அறைகளே இருக்கும் நடுத்தளம்தான் நிம்மதி. பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு உள்ள அறையில் பேச்சுச் சத்தம் கசியும். குடும்பமாக இரண்டு அறை எடுத்தாலொழிய அது வேண்டாம்.

அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவு டிக்கெட்டும் உண்டு. தூக்கம் கலையும் சுபாவம் உள்ளவர்கள் அதைத் தொடவேண்டாம்.

கேள்வி: கரையில் இறங்கப் போவதில்லை. இருந்தும் விசா வேண்டுமா?

பதில்: பல இடங்களில் வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விசாவும் கையில் இல்லாவிட்டால் நிறுவனம் ஏறவே விடாமல் போகலாம். நீங்கள் கப்பலிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னாலும் எடுபடாது. கட்டணமும் திரும்பாது.

மிக அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஒற்றை நுழைவு விசாவில். கப்பல் ஸ்பெயினில் கிளம்பி, ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வெளியே உள்ள மொராக்கோவைத் தொட்டு மீண்டும் ஸ்பெயினுக்கு வருகிறது என்றால் அது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழைவு விசாதான் கேட்க வேண்டும். பயணம் முடியும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். முன்பணம் கட்டும் முன்பே இவற்றைச் சரிபாருங்கள்.

கேள்வி: பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். கப்பல் ஒத்துவருமா?

பதில்: பெரிய கப்பலில், அமைதியான கடலில், அசைவே தெரியாத நாட்கள்தான் அதிகம். நீருக்கடியில் இருபுறமும் நீளும் துடுப்பு போன்ற தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கின்றன. முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. அது கப்பலின் இரு முனைகளிலும் மேல் தளங்களிலும் கூடுதலாகத் தெரியும். உங்களைப் போன்றவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுக்கவேண்டும்.

உள்காது அசைவை உணர, மூடிய அறையில் இருக்கும் கண் அசைவு இல்லை என்று சொல்கிறது. அந்த முரண்தான் குமட்டல். அதனால் அறைக்குள் படுத்துப் போனைப் பார்க்காமல், திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறு கூடாது, உலர்ந்த பிஸ்கட்டோ இஞ்சியோ உதவும்.

மாத்திரை என்றால் டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் இரண்டும் வழக்கமானவை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும். வாந்தி ஆரம்பித்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. இரண்டுமே தூக்கம் வரவைக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் வரை தாங்கும். வாய் உலரும், பார்வை சற்று மங்கலாம். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுக்கவேண்டாம்.

கேள்வி: ஆறு மாத கர்ப்பம். போகலாமா?

பதில்: பயணம் முடியும் நாளில் 24 வாரத்தைத் தொட்டிருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றாது, நீங்கள் அந்த எல்லையில் இருக்கிறீர்கள். கைக்குழந்தைக்கும் பொதுவாக ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். நீண்ட கடல் பயணங்களுக்கு ஒரு வயது.

கேள்வி: துறைமுகங்களில் கப்பல் நடத்தும் டூர் விலை அதிகம். நாங்களே சுற்றிவிட்டு வரலாமா?

பதில்: ஊர் துறைமுகத்தை ஒட்டி இருந்தால் நீங்களே போய்வாருங்கள், பணமும் மிச்சம், நேரமும் உங்கள் கையில். ஊர் தொலைவில் இருந்தால்தான் யோசிக்கவேண்டும். அட்டவணையில் ரோம் என்று இருக்கும், கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 70 கிலோமீட்டருக்கு மேல். பாரிஸ் என்று போட்டிருந்தால் லெ ஆவ்ர் துறைமுகம், பாரிஸுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இப்படிப்பட்ட இடங்களில் கப்பல் டூரே எடுங்கள். அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வரை செலவும் விசாவும் உங்கள் பாடு.

தவறவிடுபவர்கள் பெரும்பாலும் நேரத்தைக் குழப்பிக்கொண்டவர்கள். கப்பல் தனக்கென ஒரு நேரம் வைத்திருக்கும். கரையில் இறங்கியதும் போன் உள்ளூர் டவரைப் பிடித்துத் தானே மணியை மாற்றிக்கொள்ளும். சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஏறி முடிக்கவேண்டிய நேரம் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே இருக்கும், அதற்கும் ஒரு மணி முன்பு திரும்பிவிடுங்கள். கப்பல் கரையில் அணையாமல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கொண்டுபோகும் இடங்களில் கடைசிப் படகுக்கு நீண்ட வரிசை நிற்கும்.

தினசரி தகவல் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) போன் எண் இருக்கும். அதையும் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: ஏறும் முதல் நாளில் என்ன நடக்கும்?

பதில்: பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலை ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட், எல்லா மருந்தும், நீச்சல் உடை, ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் வருகிறீர்கள் என்றால் முந்தைய நாளே அந்த ஊருக்கு வந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, யாருக்கும் விலக்கில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை, அப்போதைய விதி 24 மணி நேர அவகாசம் தந்தது. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் அது அவசர அழைப்பு. நீங்கள் கூடவேண்டிய இடத்துக்கு அறையிலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கெட்டில் எடுத்துப்போகலாமா?

பதில்: கெட்டில், அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி எல்லாம் சோதனையில் பறிபோகும். மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷனும் கூடாது. கப்பலின் மின் இணைப்பு வீட்டிலுள்ளது போல் தரையோடு இணைக்கப்பட்டதல்ல, அதில் அந்தப் பாதுகாப்புச் சுற்று சூடேறித் தீப்பிடிக்கலாம். பல யுஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்று போதும். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கிகள் நான்கு கொண்டுபோனால் தொப்பியும் ஈரத்துணியும் மாட்ட வசதி.

கேள்வி: போன் வேலை செய்யுமா?

பதில்: ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, தேவைப்பட்டால் வைஃபையை மட்டும் இயக்குங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் பிடித்துக்கொண்டால், சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது, பில் எகிறும்.

கேள்வி: கப்பலில் வயிற்றுப்போக்கு பரவுமாமே?

பதில்: நோரோ வைரஸ். சானிடைசர் அதை முழுதாகக் கொல்லாது. பஃபேக்குப் போகுமுன் சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். வந்துவிட்டால் மறைக்காமல் மருத்துவ மையத்துக்குச் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், மறைத்தால் பக்கத்திலுள்ள முதியவருக்குத்தான் ஆபத்து.

கேள்வி: இறங்கும் நாளில்?

பதில்: முந்தைய இரவே பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் போட வேண்டிய துணி, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். உங்கள் பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்க முடிந்தால் முதல் ஆளாக வெளியேறலாம். எப்படியானாலும் விமானம் மதியத்துக்குப் பிறகு இருக்கட்டும். மூடுபனியில் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையவே இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போவதுண்டு.